பெட்டிக்காரர் முகம்

மணி பதினொன்று பத்து. காலாண்டு விடுமுறை என்பதால் சசிரேகா வீட்டில்தான் இருந்தாள். அரிசியைக் களைந்து உலையில் போடுகிற நேரத்தில் பெட்டி போன் அடித்தது.

அந்தப் பழைய பட்டன் போனுக்கு வீட்டில் அதுதான் பெயர். அதில் யாரும் நல்ல சேதி சொல்லிக் கேட்டதில்லை. எடுத்ததும் வணக்கம் சொல்லக் கூடாது. என்ன ஆச்சு என்று துருவக் கூடாது. மூன்றே கேள்விதான்: எந்த ஊர், கரண்ட் பாயிண்ட் எங்கே, எப்போது எடுக்கிறீர்கள். அவள் பத்தாவது படிக்கும்போதே அவளுடைய அப்பா பாண்டுரங்கன் சொல்லிக் கொடுத்த பாடம் அது. இப்போது அவள் எம்.காம். முடித்துத் தனியார் பள்ளியில் வாத்தியார் வேலைக்குப் போகிறாள். ஆனாலும் பெட்டி போன் அவள் பொறுப்பு.

"ஐஸ் பொட்டி வாடகைக்கு வுடறது இந்த நம்பர்தானே?"

"ஆமாண்ணா. எந்த ஊரு?"

"பேசறது பழையசீவரத்துலேர்ந்து. ஆனா செத்தவரு ஊரு எதுன்னு தெரிலம்மா."

"கரண்ட் பாயிண்ட் வாசல்லயா, உள்ளயா?"

"இரும்மா, சொல்றேன். இங்க ஒரு வூட்டு வேலைக்குப் பந்தல் போட வந்த ஆளு. காலு நட்டுக்கினு இருந்தவரு அப்டியே நெஞ்சப் புடிச்சிக்கினு குந்திட்டாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம், போற வழியிலயே முடிஞ்சி போச்சு. அவரு குட்டியானை வண்டி மேல இந்த நம்பர்தான் எழுதிகீது. சரி, பொட்டிக்கும் சொல்லிடலாம்னு…"

"எப்ப எடுக்கறீங்க?" என்று அவள் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

 "நீ அவருக்கு இன்னா ஓணும்மா?" என்று அந்த ஆள் கேட்டார்.

அப்பாவுக்கு வைக்கப் பெட்டி வீட்டில் இல்லை. பன்னிரண்டு நாளாகவே இல்லை.

பாண்டுரங்கன் உத்திரமேரூரில் நாற்காலி, சாமியானா, பாத்திரம் என்று வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு கத்திரி வெயிலில் அவருடைய அப்பா இறந்தார். ஐஸ் பாளங்களை மரத்தூளில் புதைத்து அதன்மேல் கிடத்தினார்கள். ஐஸ் உருகிய தண்ணீர் தெருவில் வழிந்து, அதை ஒரு நாய் நக்கியது. அன்றைக்குப் பார்த்த அந்த நாயால்தான் பெட்டி வாங்கினேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வார். சுற்றுவட்டத்தில் கூரம், தாமல் வரைக்கும் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பெட்டிக்காரர் என்றால் தெரியும்.

தொழிலில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. சாவு வீட்டை விட்டுக் கிளம்பும்போது வருகிறேன் என்று சொல்ல மாட்டார். திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுப்பார். பெட்டியை நேராக வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். ஏரிக்கரையில் நிறுத்தி, மூடியைக் கழற்றி, மஞ்சள் தண்ணீரில் கழுவி, ஒரு மணி நேரம் வெயிலில் காயவிட்ட பிறகுதான் வீடு. என்ன நேரமானாலும் பெட்டி இரவில் அவர் கொட்டகையில்தான் இருக்க வேண்டும், அல்லது சாவு வீட்டில் இருக்க வேண்டும். வேறு எங்கும் தங்கக் கூடாது.

இரண்டு விஷயம் மட்டும் வாடகைக்கு எடுக்கிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வார். ஒன்று, மழைக்காலத்தில் கண்ணாடி மூடியின் வெளிப்பக்கம் பனி பூத்துக்கொள்ளும், அரை மணிக்கொரு தரம் உலர்ந்த துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் முகம் பார்க்க வருகிறவர்கள் வெள்ளையைத்தான் பார்த்துவிட்டுப் போவார்கள். இன்னொன்று, யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது. எடுக்கிறவனைக் கண்டால் பெட்டிக்காரருக்குக் கோபம் வந்துவிடும்.

"ஏம்பா, தூங்கறவன போட்டோ புடிப்பியா? எழுந்து கேட்டான்னா இன்னா சொல்லுவ?" என்பார். கூட்டம் சிரிக்கும். போன் சட்டைப்பைக்குள் போகும்.

அப்படிப்பட்டவர்தான் போன பங்குனியில் ஒரு கேமரா முன்னால் பிணமாகப் படுத்தார்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாடியில் ஒரு ஜெப வீடு இருக்கிறது. அதன் போதகர் மகன் சாமுவேல், இருபத்து நாலு வயது, சென்னையில் விஸ்காம் படித்தவன். சபையார் உதவியோடு சொந்தமாக ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தான். பாட்டு, சண்டை எதுவும் கிடையாது. வீட்டை விட்டு ஓடிப்போன மகன் திரும்பி வருகிறான். அப்பா பெட்டியில் கிடக்கிறார். பனி பூத்த கண்ணாடியை மகன் கையால் துடைக்கிறான், அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது, அந்த இடத்தில் அவன் உடைந்து மண்டியிடுகிறான். "அந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் அங்கிள் இந்தப் படமே" என்று பெட்டி கேட்க வந்த அன்று சாமுவேல் வாசலில் நின்று சொன்னான். நல்ல பையன். பேச்சில் ஒரு மரியாதை. சொல்லும்போது கண் கலங்கியது. சசிரேகாவுக்கும் அன்று அவனைப் பிடித்திருந்தது.

அப்பா வேஷத்துக்குச் சென்னையிலிருந்து வந்த நடிகர் பெட்டியைப் பார்த்ததும் பின்வாங்கினார். நிஜப் பிணம் வைத்த பெட்டியா, என்னால் முடியாது என்று காரில் ஏறிவிட்டார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. சாமுவேல் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். பெட்டிக்காரர் பீடியைக் காலால் நசுக்கிவிட்டு, "நான் தெனம் கழுவற பொட்டி. எனக்கின்னா பயம்? வேட்டி குடுப்பா" என்றார்.

மூன்று மணி நேரம் படுத்திருந்தார். கரண்ட் கொடுக்காததால் கண்ணாடியில் பனி பிடிக்கவில்லை. தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள், பொட்டுப் பொட்டாக வழிந்ததே தவிர பனி மாதிரி இல்லை. மற்றதெல்லாம் எடுத்தாயிற்று, அந்த ஷாட் மட்டும் சரியாக வரவில்லை. எழுந்தபோது, கேமரா பிடித்த ஷாரோன் என்ற பெண், "அங்கிள், பிணமா நடிச்சா எழுந்து கேமராவைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போகணும், சினிமாவுல அதுதான் வழக்கம்" என்றாள். "நம்ம படத்துல அந்த மூடநம்பிக்கை எல்லாம் வேணாம்" என்று சாமுவேல் கேமராவை நிறுத்திவிட்டான்.

இதை அப்பா வீட்டில் வந்து சொல்ல, அம்மா சாரதா பிடித்துக்கொண்டாள். "ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு வந்தா இன்னா கொறஞ்சா பூடுவ?" என்று ஒரு வாரம் நச்சரித்தாள்.

அவருக்கோ தாங்க முடியாத பெருமை. டீக்கடைக்குப் போனால், "இன்னா பொணமே, சக்கர தூக்கலா?" என்பார்கள். "பொணத்துக்கு சுகருடா, கம்மியா போடு" என்பார். சசிரேகா அந்தக் காட்சியின் படம் ஒன்றைத் தன் ஸ்டேட்டஸில் வைத்தாள், கீழே நாலு சிரிப்புப் பொம்மையோடு. பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

புரட்டாசியில் மழை ஈரம் இறங்கியதும் சாமுவேல் மறுபடி வந்தான். இப்போது கரண்ட் கொடுத்தால் தானாகவே பனி பிடிக்கும், பெட்டி மட்டும் இரண்டு நாள் இருக்கட்டும், வேறு ஆளைப் படுக்கவைத்து ஒத்திகை பார்த்துவிட்டு உங்களைக் கூப்பிடுகிறேன், அந்த ஒரு ஷாட்டை முடித்துவிடலாம் என்றான். அப்பா தலையாட்டினார். இரண்டு நாள் பன்னிரண்டு நாளாயிற்று. மகன் வேஷம் போட்ட பையனுக்குப் பரீட்சை வந்துவிட்டது. கூரத்திலிருந்து ஒரு அவசரத்துக்குக் கேட்டபோது பெட்டி இல்லை என்று சொல்லவேண்டி வந்தது. அன்று அப்பா சாப்பிடவில்லை. இறந்த அன்று காலையில் பந்தல் வேலைக்குக் கிளம்புகிறபோது போனில், "சாமுவேலு, இன்னிக்கு சாயந்தரம் நானே வந்து எடுத்துக்கறேம்பா. அது வெளிய தங்கற பொருள் இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார்.

அவர் போக வேண்டியிருக்கவில்லை. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்த கொஞ்ச நேரத்தில், மதியம் இரண்டு மணிக்கு, சபை வேனில் பெட்டியை ஏற்றிக்கொண்டு சாமுவேலே வந்துவிட்டான். கூட ஷாரோனும் ஒரு மாலையும். சசிரேகாவைப் பார்த்ததும் அழுதான். அவன் அழுகையை அவள் நம்பினாள். ஜெப வீட்டுப் பெண்கள் நாலு பேர் பெரிய பாத்திரத்தில் காபி போட்டு எடுத்து வந்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார்கள். அவர்கள் மேல் அவளுக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை.

பெட்டியைக் கூடத்தில் இறக்கி மூடியைத் திறந்தார்கள். உள்ளே பவுடர் வாசனை. வெள்ளைத் துணியில் மேக்கப் கறை. தலைப்பக்கம் தகட்டில் நீல நிற டேப்பைப் பெருக்கல் குறி போல ஒட்டியிருந்தார்கள், நடிகன் தலை எங்கே இருக்க வேண்டும் என்பதற்கு அடையாளம். அப்பா ஒரு நாளும் கழுவாமல் பெட்டியை இறக்கியதில்லை. அவருக்கு வந்து சேர்ந்ததுதான் கழுவாத பெட்டி. வெந்நீர் வைக்கச் சொல்லி அவள் சமையல்கட்டுக்குத் திரும்பினாள். அதற்குள் தாய்மாமன் தங்கவேலுவும் இன்னும் மூன்று பேரும் தூக்கிக் கிடத்திவிட்டார்கள்.

"கொஞ்சம் மேல… ரெண்டு இன்ச்… ஆங், போதும்" என்று சாமுவேல் அப்பாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்தி வைத்தான். வசதியாக இருக்கட்டும் என்றுதான் செய்கிறான் என்று அவள் நினைத்தாள். தலை சரியாக அந்த நீல டேப்பின் மேல் இருந்தது.

அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, "சிரிக்காம வந்துட்டியே, சிரிக்காம வந்துட்டியே" என்று அடித்துக்கொண்டாள். கேட்கிறவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். உயிரோடு பெட்டியில் படுத்தவனைப் பெட்டி விடாது என்றார் ஒருவர். ஆறு மாதமாகச் சர்க்கரை மாத்திரையை ஒரு நாள் போட்டு ஒரு நாள் மறந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

மூன்றரைக்கெல்லாம் கண்ணாடி வெளுத்துவிட்டது. மறுநாள் பன்னிரண்டு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. ஷாரோன் ஒரு மடித்த துணியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அக்கா, நீங்களே துடைங்களேன்."

"குடு."

"வளையலைக் கழட்டிடுங்கக்கா. கண்ணாடியில கீறல் விழுந்திடும்."

அப்பாவும் அப்படித்தான் சொல்வார். அந்தப் பெண்ணுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று சசிரேகா நினைத்தாள். வளையல்களைக் கழற்றி அம்மா மடியில் போட்டாள். வழக்கம்போலக் கால் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். கால் கட்டைவிரல் கட்டு தெரிந்தது. வேட்டி தெரிந்தது. வயிற்றின் மேல் சேர்த்து வைத்த கை தெரிந்தது, நகத்தில் பந்தல் குழி தோண்டிய மண்ணோடு. கூடத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. மரியாதைக்காக நிற்கிறார்கள் என்று நினைத்தாள். மார்பு வரைக்கும் வந்தாள்.

"மெதுவா… இன்னும் மெதுவா சிஸ்டர்" என்று பின்னாலிருந்து ஒரு மென்மையான குரல் வந்தது.

நிமிர்ந்தாள். ஓரத்தில் அடுக்கியிருந்த அப்பாவின் சிவப்பு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு கறுப்பு லென்ஸ். அதன் பக்கத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு. பின்னால் ஷாரோன், அவள் கண்ணைப் பார்க்காமல். தங்கவேலு மாமா சலவைச் சட்டை மாற்றி, தலை வாரி, லென்ஸுக்குத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இரண்டு சித்தப்பாக்கள், அவர்களும் தலை வாரியிருந்தார்கள்.

வளையலை எதற்குக் கழற்றச் சொன்னாள் என்று அப்போது புரிந்தது. படத்தில் அது மகன் கை.

கையில் இருந்த துணி செத்த எலி போல இருந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

"எவ்ளோ நேரமா எடுக்கற?"

"சிஸ்டர், நான் மாமாகிட்ட பர்மிஷன் கேட்டுட்டுத்தான்…"

"நான்தான் சரின்னேன்" என்றார் தங்கவேலு. "இன்னா இப்போ? உங்கப்பன் இஷ்டப்பட்டு நடிச்ச படம். அரையும் கொறையுமா நிக்கணுமா? வூட்டுக்குப் பெரியவன் நான் சொல்றேன், தொடைம்மா. நம்ம ஜனமே படத்துல வருது."

"உன் மொகம் வரணும்னா நீ போய் அதுல படு மாமா."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். சாமுவேல் இரண்டடி முன்னால் வந்தான். கை கூப்பியிருந்தான். அவன் முகத்தில் கள்ளம் இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கூசியது. தான் செய்வது நல்லது என்று அவன் முழுசாக நம்பினான்.

"கை மட்டும்தான் சிஸ்டர் தெரியும். முகம் நாலு செகண்ட், அவ்வளவுதான். அங்கிள் ஆரம்பிச்சதை அங்கிளே முடிச்சுக் கொடுக்கிறார்னு எனக்குத் தோணிச்சு. காலையில இருந்து ஜெபம் பண்ணிட்டேதான் இருக்கேன். ஆண்டவர் எதையும் வீணாக்க மாட்டார். இந்தக் காட்சியைப் பாத்து எத்தனை பிள்ளைங்க அப்பாகிட்ட திரும்பிப் போகும், யோசிச்சுப் பாருங்க."

"அன்னிக்கு நீ கேட்ட, அவரு சரின்னு படுத்தாரு. மூணு மணி நேரம் கழிச்சி எழுந்து டீ குடிச்சாரு" என்றாள் சசிரேகா. "இன்னிக்கு அவரக் கேட்டியா?"

அவன் கூப்பிய கையை இறக்கினான்.

"எழுந்து கேட்டாருன்னா இன்னா சொல்லுவ?"

பெட்டிக்காரர் வாயால் அந்தக் கேள்வியைக் கேட்காத சாவு வீடே அந்த வட்டாரத்தில் கிடையாது. கூடத்தில் இருந்த வயசாளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஷாரோன் விளக்கை அணைத்துக் கேமராவை இறக்கினாள். ஆனால் சாமுவேல் போய்விடவில்லை. எதிர் வீட்டு வேப்பமரத்தடியில் வேனில் போய் உட்கார்ந்துகொண்டான். மனசு மாறினால் கூப்பிடட்டும் என்று மாமாவிடம் சொல்லிவிட்டிருந்தான். மாமாவோ தன் போனை எடுத்துச் சட்டைப்பையில் பாதி வெளியே நீட்டியபடி வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். முகம் தெரிகிற அந்த நாலு செகண்டு யாருக்குக் கிடைத்தாலும் வேனுக்குப் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் பெட்டியை விட்டு எழவில்லை. அரை மணிக்கொரு தரம், அப்பா சொன்ன கணக்குப்படி, காலிலிருந்து ஆரம்பித்துத் துடைத்தாள். மார்போடு நிறுத்தினாள். முகத்துக்கு நேராகப் பனி இன்னும் கெட்டியாக ஏறியது.

முகம் பார்க்க வந்தவர்களின் பேச்சையும் கேட்டுக்கொண்டாள். தாமலிலிருந்து பஸ் மாறி வந்த ஒரு கிழவர், அவர் மனைவிக்குப் பெட்டி கொண்டுபோனவர் அப்பாதானாம், குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே தெரிலியேம்மா" என்றார்.  அவர் மாலையைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லாமல் போனார். பெட்டி வைக்கத் தெரிந்த வீட்டில் துடைக்க ஆள் இல்லை என்று ஒருத்தி வாசலில் சொன்னாள். அன்றைக்கு அந்த ஸ்டேட்டஸில் நாலு பொம்மை வைத்த விரல்தான் இது என்று சசிரேகா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா மேல் வந்த அருவருப்பு திரும்பித் தன் மேலேயே வந்து உட்கார்ந்தது.

விடிந்தது. தப்பு அடிக்கிறவர்கள் வந்தார்கள். மழை லேசாகத் தூறியது. அம்மா ராத்திரி முழுக்க வறண்ட கண்ணோடு இருந்தவள் திடீரென்று கையை நீட்டிக் கண்ணாடியில் முகப்பக்கம் உள்ளங்கையை வைத்தாள். ஒரு இழுப்பு இழுத்தால் போதும். தங்கவேலுவின் கை சட்டைப்பைக்குப் போனது.

"அம்மா, வேணாம்" என்று சசிரேகா மணிக்கட்டைப் பிடித்தாள்.

சாரதா தம்பியைப் பார்த்தாள். அவன் சட்டையைப் பார்த்தாள். தெருவில் நிற்கிற வேனைப் பார்த்தாள். கையை இழுக்காமல் அப்படியே நேராக மேலே எடுத்தாள்.

"அவரு மொகம் எனக்குத் தெரியாதா?" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "போய்க் காலு கழுவிக்கினு பாடையக் கட்டு. உன் அக்கா புருஷன்" என்றாள்.

பன்னிரண்டு மணிக்கு மாமன் மச்சான்கள் நாலு பக்கமும் வேட்டியை விரித்துத் திரை பிடிக்க, அதற்குள் மூடியைத் தூக்கினார்கள். முகத்தை மூடித்தான் பாடையில் வைத்தார்கள். வாசல் தாண்டும்போது வேன் கிளம்பிப் போயிருந்தது.

கொட்டகையில் மூடி இன்னும் சாய்ந்து நிற்கிறது. துடைத்த பக்கம் காய்ந்து பளிச்சென்று இருக்கிறது. தலைப்பக்கம் ஒன்றரை அடிக்குத் தண்ணீர் வழிந்து காய்ந்த தடம், நடுவில் அம்மாவின் உள்ளங்கைத் தடம். உள்ளே அந்த நீல டேப்பை அவள் மறுநாளே உரித்து எறிந்துவிட்டாள். அந்தக் கைத்தடம் போய்விடும் என்று பெட்டியை இன்னும் ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்க் கழுவி வெயிலில் வைக்கவில்லை.